குளிர்காலச் சக்கரங்களுக்கான டயர் அழுத்த உணரி

டயர் அழுத்த உணரி என்பது வாகனத்தின் சக்கரத்துக்குள் பொருத்தப்பட்டு, டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தை அளந்து, அதனை வானொலி அலைகள் மூலம் வாகனத்துக்கு அறிவிக்கும் ஒரு சிறு மின்னணுக் கருவி ஆகும். கடைகளிலும் பேச்சு வழக்கிலும் இது டயர் சென்சார் எனப்படுகிறது. கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், ஜெர்மனி, நோர்டிக் நாடுகள் போன்ற பனிப்பகுதிகளில் கார் உரிமையாளர்கள் பலர் கோடைக்கு ஒன்றும் குளிர்காலத்துக்கு ஒன்றுமாக இரண்டு தொகுதிச் சக்கரங்களை வைத்திருக்கின்றனர். காருடன் வரும் உணரிகள் முதல் தொகுதியில் மட்டுமே இருக்கும். எனவே இரண்டாவது தொகுதிக்குத் தனியாக நான்கு உணரிகள் வாங்க வேண்டியுள்ளது. அவை காரின் கணினியுடன் பொருந்தாவிட்டால், குளிர்காலம் முழுவதும் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உண்மையில் ஒரு டயரில் காற்று இறங்கினாலும் ஓட்டுநருக்கு அது தெரியவராது.

பின்னணி

தொழிற்சாலையிலேயே டயர் அழுத்தக் கண்காணிப்பு பொருத்தப்பட்டு வெளிவந்த முதல் கார் 1986 ஆம் ஆண்டின் போர்ஷே 959 ஆகும். அதன் பின்னர் நெடுங்காலம் இது விலை உயர்ந்த கார்களில் மட்டும் காணப்பட்ட ஒரு வசதியாகவே இருந்தது. 2000 ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போது டயரின் மேற்பட்டை பிரிந்து வந்ததால், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வாகனங்கள் கவிழ்ந்து, 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஐக்கிய அமெரிக்காவில் டிரெட் சட்டம் கையெழுத்தானது. புதிய வாகனங்களில் டயர் அழுத்த எச்சரிக்கை இருக்க வேண்டும் என்ற விதியை வகுக்குமாறு இச்சட்டம் பணித்தது.

2002 இல் வெளியான முதல் விதி, முழுமையற்ற ஓர் எச்சரிக்கை முறைக்கும் இடமளித்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2003 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. 2005 இல் வெளியான திருத்திய விதியின்படி, வாகன உற்பத்தியாளர் பரிந்துரைத்த அழுத்தத்தைவிட 25% அல்லது அதற்கு மேல் குறைந்தால், ஒரு டயராயினும் நான்கு டயர்களாயினும், 20 நிமிடங்களுக்குள் விளக்கு எரிய வேண்டும். 2005 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இவ்விதி, 2007 செப்டம்பர் முதல் ஏறக்குறைய எல்லாப் புதிய இலகு வாகனங்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் புதிய வகைக் கார்களுக்கும், 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் இதனைக் கட்டாயமாக்கியது. கனடாவில் இவ்வாறான கட்டாயம் இல்லை. எனினும் அங்கு விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தைக்கு ஏற்பவே உருவாக்கப்படுவதால் உணரிகளுடனேயே வருகின்றன.

குளிர்கால டயருக்கான சட்டங்கள் இதனோடு தொடர்பற்றுத் தனியாக வளர்ந்தவை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். இப்போது அக்காலம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை ஆகும். ஜெர்மனியில் நாள் குறிக்கப்படவில்லை. பனியோ உறைநிலையோ சாலையில் இருந்தால் குளிர்கால டயர் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், மூன்று முகடு கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி உள்ள டயர்களே அங்கு குளிர்கால டயர்களாக ஏற்கப்படுகின்றன. இவ்விரு வகைச் சட்டங்களும் சந்திக்கும் இடத்திலேயே இரண்டாவது தொகுதி உணரிகளுக்கான தேவை எழுந்தது.

செயற்படும் விதம்

உணரியின் எடை பொதுவாக 25 முதல் 40 கிராம் வரை இருக்கும். அதனுள் அழுத்தத்தை அளக்கும் சிலிக்கன் சில்லு, வெப்பநிலை அளவி, சக்கரம் சுழல்வதை அறியும் முடுக்க அளவி, வானொலி அலைபரப்பி, இலித்தியம் மின்கலம் ஆகியவை பிசின் ஊற்றி மூடப்பட்டுள்ளன. கார் நிற்கும்போது உணரி ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்து, பொதுவாக நிமிடத்துக்கு ஒருமுறை தனது அடையாள எண், அழுத்தம், வெப்பநிலை, மின்கல நிலை ஆகியவற்றை அனுப்பும். அழுத்தம் விரைவாக வீழ்ந்தால் அனுப்பும் இடைவெளி குறையும்.

இங்கு முதன்மையானது அடையாள எண் ஆகும். பக்கத்தில் செல்லும் கார்களின் உணரிகளும் அதே அதிர்வெண்ணில் அலைபரப்புவதால், தனது நினைவகத்தில் பதிந்துள்ள நான்கு (மாற்றுச் சக்கரத்திலும் உணரி இருப்பின் ஐந்து) எண்களை மட்டுமே கார் ஏற்றுக்கொள்ளும். புதிய உணரி எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அதன் எண் காருக்குத் தெரியாவிட்டால் அது இல்லாததற்குச் சமம். இவ்வெண் மறைகுறியாக்கம் இன்றியே அனுப்பப்படுவதை 2010 இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையும் தென் கரோலினா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவிலிருந்து அதனை ஒட்டுக்கேட்கவும், பொய்யான எச்சரிக்கையைத் தோற்றுவிக்கவும் முடியும் என அவர்கள் காட்டினர். பாதுகாப்பு நோக்கில் குறையான இந்த எளிமையே, பிற நிறுவனங்கள் பொருத்தமான மாற்று உணரிகளைச் செய்வதற்கும் வழிவிட்டது எனலாம்.

குளிரும் அழுத்தமும்

மூடிய கொள்கலனில் உள்ள வளிமத்தின் தனி அழுத்தம், அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும். டயரின் கனஅளவு பெரிதும் மாறாததால் இவ்விதி அதற்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, 20 பாகை செல்சியசில் 240 கிலோபாஸ்கல் (சுமார் 35 பிஎஸ்ஐ) அளவுக்குக் காற்று நிரப்பப்பட்ட ஒரு டயரைக் கருதலாம். அளவி காட்டும் அழுத்தத்துடன் வளிமண்டல அழுத்தமான 101 கிலோபாஸ்கலைக் கூட்டினால் தனி அழுத்தம் 341 ஆகும். வெளிவெப்பநிலை −10 பாகைக்கு இறங்கும்போது இது சுமார் 306 ஆகக் குறையும். அளவி 205 காட்டும். −30 பாகையில் அளவி காட்டுவது சுமார் 182 மட்டுமே. 240 இல் 25% குறைந்தால் 180. அதாவது ஓர் ஆணியும் குத்தாமல், ஒரு துளிக் காற்றும் கசியாமல், குளிரினால் மட்டுமே விளக்கு எரியும் எல்லைக்கு டயர் வந்துவிடுகிறது. டயரின் வழியே மாதந்தோறும் இயல்பாக வெளியேறும் சிறிதளவு காற்றையும் சேர்த்தால், குளிர்காலத்தின் முதல் கடுங்குளிர்க் காலையில் பல கார்களில் விளக்கு எரிவது வியப்பன்று.

இதனை உணரியின் பழுதாகக் கருதுவது தவறு. அழுத்தம் உண்மையிலேயே குறைந்துள்ளது. காற்று நிரப்ப வேண்டும். சூடான கார்க் கூடத்தில் வைத்து நிரப்புவோர், வெளியே சென்றதும் அழுத்தம் மீண்டும் குறையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியஸ் இறங்கும்போது ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும் என்பது நடைமுறைக் கணக்கு.

முதலில் அறிய வேண்டியது

எல்லாக் கார்களுக்கும் உணரி தேவை இல்லை. டயர் அழுத்தக் கண்காணிப்பில் நேர்முக முறை, மறைமுக முறை என இரு வகைகள் உள்ளன. மறைமுக முறையில் சக்கரத்துக்குள் எந்தக் கருவியும் இராது. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரை சிறிது குறைவதால் அச்சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பூட்டுறாத் தடுப்பு முறைமையின் (ஏபிஎஸ்) வேக உணரிகள் கொண்டு கார் இதனைக் கண்டறிகிறது. ஃபோக்ஸ்வாகன், ஔடி, ஹோண்டா, மாஸ்டா நிறுவனங்களின் பல மாதிரிகளில் இம்முறை உள்ளது. இக்கார்களில் குளிர்காலச் சக்கரத்தை மாட்டி, அழுத்தத்தைச் சரிசெய்து, மீளமைப்புப் பொத்தானை அழுத்தினாலோ திரைப்பட்டியில் அதற்குரிய தெரிவைத் தேர்ந்தாலோ போதுமானது. இதை அறியாமல் நான்கு உணரிகளை வாங்கிப் பொருத்தினால் அப்பணம் முழுவதும் வீணே.

எது எந்த முறை என்பதை வெளியிலிருந்து கண்டறிவது எளிதன்று. உலோக வால்வு தெரிந்தால் உள்ளே உணரி இருக்கக்கூடும். ஆனால் இரப்பர் வால்வுடன் வரும் உணரிகளும் உள்ளதால் இரப்பர் வால்வைக் கண்டு உணரி இல்லை என முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் தனித்தனி எண்ணாகக் காட்டும் கார் பெரும்பாலும் நேர்முக முறையைச் சேர்ந்தது. ஐயமின்றி அறியக் காரின் கையேட்டைப் பார்க்கலாம். அல்லது டயர் கடையில் உள்ள உணரி வாசிப்புக் கருவியால் சக்கரத்தைச் சோதிக்கலாம். ஒரே மாதிரிக் கார் ஓர் ஆண்டில் நேர்முக முறையிலும் அடுத்த வடிவமைப்பில் மறைமுக முறையிலும் வருவது உண்டு. ஆகவே மாதிரியின் பெயர் மட்டும் போதாது. உற்பத்தி ஆண்டும் தேவை.

உணரிகளைத் தெரிவு செய்தல்

சந்தையில் உள்ள உணரிகளுள் முதலாவது வகை, காருடன் வந்தவற்றுக்கு இணையான அசல் உணரி. பொருத்தம் பற்றி ஐயமே இல்லை, விலைதான் கூடுதல். அசல் உணரியிலும் அடையாள எண் புதியதே என்பதால் காரில் அதைப் பதிவு செய்யும் வேலை தவிராது. விலை கொடுத்தவர்கள் பலரும் ஏமாற்றமடையும் இடம் இது.

இரண்டாவது வகை, பல கார்களின் நெறிமுறைகள் முன்கூட்டியே ஏற்றப்பட்ட உணரி. கான்டினென்டல் நிறுவனத்தின் ரெடி-சென்சார் இவ்வகையைச் சேர்ந்தது. இதை நிரலிட வேண்டியதில்லை. பட்டியலில் கார் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பொருத்தலாம். மூன்றாவது வகை, வெறுமையாக வந்து கடையில் உள்ள கருவியால் குறிப்பிட்ட காருக்கென நிரலிடப்படும் உணரி. ஷ்ரேடர் நிறுவனத்தின் ஈசி-சென்சார், ஆட்டல் நிறுவனத்தின் எம்எக்ஸ்-சென்சார், ஹுஃப் நிறுவனத்தின் இன்டெல்லிசென்ஸ் ஆகியவை அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். கடைக்காரர் பத்து வகை உணரிகளைச் சேமித்து வைப்பதற்குப் பதிலாக ஒரே வகையை வைத்துக்கொள்ளலாம் என்பதால் இது பரவியது. வாங்குபவருக்கு இதில் உள்ள தனி நன்மை, பழைய உணரியின் எண்ணையே புதியதில் எழுத முடிவதாகும். இது கீழே விளக்கப்படுகிறது.

அதிர்வெண் பொருந்தாவிட்டால் மற்றவை அனைத்தும் பயனற்றவை. வட அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ் என்பது பொதுவான பிரிவு. ஆனால் வட அமெரிக்கக் கார்களிலும் 433 கணிசமாக உள்ளது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இறக்குமதியான கார் தான் உருவாக்கப்பட்ட சந்தையின் அதிர்வெண்ணையே கேட்கும். டெஸ்லாவின் பிற்காலக் கார்கள் இவ்விரண்டையும் விடுத்து புளூடூத்துக்கு மாறிவிட்டன. அவற்றுக்குப் பழைய டெஸ்லா உணரிகளே பொருந்தா. இரு அதிர்வெண்களிலும் இயங்கவல்ல நிரலிடும் உணரிகள் இப்போது கிடைப்பதால், ஐயம் உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை.

பழைய உணரிகளைக் குறைந்த விலைக்கு வாங்குவது பெரும்பாலும் இலாபமாவதில்லை. மின்கலம் பிசினுக்குள் புதைந்துள்ளதால் அதை மாற்ற இயலாது. அது தீர்ந்ததும் உணரியையே மாற்ற வேண்டும். வழக்கமான வாழ்நாள் 5 முதல் 10 ஆண்டுகள். குளிரில் மின்கலத்தின் மின்னழுத்தம் தாழ்வதால், முதுமையடைந்த உணரி உறைகுளிரான காலையில்தான் முதலில் மௌனமாகும். நண்பகலில் மீண்டும் பேசும். ஒரு குளிர்கால டயர்த் தொகுதி ஐந்தாறு பருவங்கள் உழைக்கும். உணரி பழுதானால் டயரைக் கழற்றி, உணரியை மாற்றி, மீண்டும் மாட்டிச் சமநிலைப்படுத்தும் கூலி சேரும். எனவே புதிய டயருடன் புதிய உணரியைப் பொருத்துவதே கணக்குக்குச் சரியாகும். கோடைச் சக்கரத்தின் உணரியையே ஆண்டுக்கு இருமுறை கழற்றி மாற்றுவதும் இதே காரணத்தால் பயன் தராது.

வால்வும் உப்பும்

உணரி சக்கரத்தின் வால்வுடன் இணைந்தே இருக்கும். (ஃபோர்டின் தொடக்ககால உணரிகள் சில, உலோகப் பட்டை ஒன்றால் ரிம்மின் நடுப்பள்ளத்தில் கட்டப்பட்டிருந்தன.) வால்வு இரு வகைப்படும். ஒன்று ரிம்மின் துளையில் இழுத்துப் பொருத்தும் இரப்பர் வால்வு. மற்றொன்று திருகி இறுக்கும் அலுமினிய வால்வு. கோடைச் சக்கரத்துக்கு அலுமினிய வால்வு அழகாக இருக்கலாம். குளிர்காலச் சக்கரத்தின் நிலை வேறு. பனி உருகச் சாலையில் தூவப்படும் உப்பு, அலுமினியத்தையும் பித்தளையையும் சேர்த்து ஒரு மின்கலம் போலாக்கி அரிப்பை உண்டாக்கும். அலுமினியத் தண்டுக்குள் சாதாரணப் பித்தளை ஊசியைத் திருகினால், ஓரிரு பருவங்களில் அது இறுகிப்போய், காற்று நிரப்ப முயலும்போது தண்டே முறிவதுண்டு. இதைத் தவிர்க்க நிக்கல் பூசிய ஊசியையும் நெகிழி மூடியையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கடையில் கிடைக்கும் அலங்கார உலோக மூடிகள் பெரும் தீங்கு செய்பவை.

குளிர்காலத்தில் எஃகுச் சக்கரம் பயன்படுத்துவோருக்கு இரப்பர் வால்வு கொண்ட உணரி பொதுவாக ஏற்றது. மிகை வேகத்தில் மையவிலக்கு விசை இரப்பரை வளைக்கும் என்பதால் வேக வாகனங்களுக்கு உலோக வால்வே பரிந்துரைக்கப்படுகிறது. எஃகு ரிம்மின் வடிவம் அலாய் ரிம்மினின்றும் வேறுபடுவதால், உணரியின் உடல் ரிம்மைத் தொடாமல் அமர்கிறதா என்பதை டயரை ஏற்றும் முன்னரே பார்க்க வேண்டும். டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அடைப்பு வளையம், மரை, ஊசி, மூடி ஆகியவற்றைப் புதியதாக மாற்றுவது வழக்கம். இவை சிறிய பொதியாக விற்கப்படுகின்றன. கழற்றும் பொறியின் அழுத்துதட்டு வால்வின் அருகே பட்டால் உணரி நொறுங்கிவிடும் என்பதால், உள்ளே உணரி உள்ளதைத் தொழிலாளியிடம் முன்னரே கூறுவது நல்லது.

மறுபதிவும் படியெடுத்தலும்

புதிய உணரிகளின் எண்களைக் காருக்குக் கற்பிப்பது மறுபதிவு எனப்படும். இது காருக்குக் கார் வேறுபடும். உணரி வாங்குவதற்கு முன்னரே இதனை அறிந்துகொள்வது பிற்காலச் செலவைப் பெரிதும் தீர்மானிக்கும்.

சில கார்கள் தாமாகவே கற்றுக்கொள்பவை. பி.எம்.டபிள்யூ கார்களில் மீளமைப்பைத் தொடக்கிச் சில நிமிடங்கள் ஓட்டினால் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் காரைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இடது முன்சக்கரத்தில் தொடங்கி வலது முன், வலது பின், இடது பின் என்ற வரிசையில் ஒரு சிறு கருவியால் உணரிகளை எழுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் பதிவானதும் ஒலிப்பான் ஒலிக்கும். அக்கருவி விலை குறைவு என்பதால் உரிமையாளர்கள் பலர் தாமே இதைச் செய்துகொள்கின்றனர். டொயோட்டா, சுபாரு கார்கள் பலவற்றில் எண்களைக் காரின் பழுதறி இணைப்பு வழியாகக் கணினியில் எழுத வேண்டும். இதற்குக் கடைக்குச் செல்வது வழக்கம். குளிர்காலத் தொடக்கத்தில் ஒருமுறை, இளவேனிலில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை கூலி கொடுக்க நேரும். லெக்சஸ் கார்கள் சிலவற்றில் இரு தொகுதி எண்களையும் நினைவில் வைத்து, ஒரு பொத்தானால் மாற்றும் வசதி இருந்தது. இது எல்லாக் கார்களிலும் இருந்திருக்க வேண்டிய ஒன்று.

இவ்விருமுறைக் கூலியைத் தவிர்க்கும் வழியே படியெடுத்தல். கோடை உணரிகளின் எண்களைக் கருவியால் வாசித்து, அதே எண்களை நிரலிடும் குளிர்கால உணரிகளில் எழுதிவிட்டால், சக்கரம் மாறியதைக் கார் அறியாது. மறுபதிவும் தேவைப்படாது. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இடது முன்சக்கரத்தின் எண் குளிர்காலத் தொகுதியிலும் இடது முன்சக்கரத்துக்கே செல்ல வேண்டும்; டயர்களை இடம் மாற்றிச் சுழற்றினால் காட்டப்படும் இடங்கள் பிறழும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் எண்ணின் கடைசி இலக்கங்களைக் குறித்து வைப்பது பயன் தரும். மேலும், ஒரே எண் கொண்ட இரு உணரிகள் ஒரே நேரத்தில் அலைபரப்பக் கூடாது. கழற்றிய சக்கரங்கள் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் உறங்கிவிடும். ஆனால் அவற்றைக் காரின் பின்பகுதியில் ஏற்றிச் செல்லும்போது இரு வேறு அழுத்தங்கள் மாறி மாறி வந்து காரைக் குழப்பலாம். தாமாகக் கற்கும் கார்களுக்குப் படியெடுத்தல் தேவையே இல்லை.

உணரி இன்றி ஓட்டுதல்

குளிர்காலச் சக்கரத்தில் உணரி இல்லாவிட்டால், கார் இயங்கத் தொடங்கியபின் எச்சரிக்கை விளக்கு 60 முதல் 90 வினாடிகள் மினுக்கிப் பின் நிலையாக எரியும். இது அமெரிக்க விதி வகுத்த பழுதுக்குறி ஆகும். மினுக்காமல் தொடக்கம் முதலே நிலையாக எரிந்தால் அழுத்தம் குறைந்துள்ளது எனப் பொருள். இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் மிகப் பலர். பழுதுக்குறியுடன் நான்கு மாதங்கள் ஓட்டிப் பழகியவர், அடுத்த கோடையில் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் அதனைப் பொருட்படுத்தாது விடும் இடர் உண்டு.

கனடாவில் செலவு கருதி இவ்வாறு ஓட்டுவோர் உள்ளனர். அவர்கள் மாதம் ஒருமுறையேனும் கையளவியால், டயர் குளிர்ந்திருக்கும்போது, அழுத்தத்தைப் பார்ப்பது இன்றியமையாதது. ஐக்கிய அமெரிக்காவில் பாதுகாப்புச் சாதனம் ஒன்றைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யப் பழுதுபார்க்கும் நிலையங்களுக்குச் சட்டம் தடை விதிக்கிறது. ஆதலால் இயங்கும் முறைமையுடன் வந்த காருக்கு உணரி இல்லாத சக்கரத்தை மாட்டக் கடைகள் மறுப்பதுண்டு. உரிமையாளர் தம் கையால் மாட்டுவதற்கு இத்தடை பொருந்தாது. பிரித்தானியாவில் 2012 சனவரி 1 அன்றும் அதற்குப் பின்னும் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் பழுதுக்குறி எரிந்தால், 2015 முதல் ஆண்டுச் சோதனையில் அக்கார் தேறாது.